வாயில் போட்டதெல்லாம்

அத்தியாயம் 17

ஆறு மணி அடிப்பதற்குள் இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாவது தடவை கிரேன்காரி கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, வெளியே கணவரும் நாத்தனாரும் மல்லுக்கு நிற்பது கேட்டது. சண்டை அவளுடைய வயிற்றைப் பற்றித்தான். இருபத்தைந்து நாளாக அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

"மாணவர் விடுதியில முப்பது வருஷம், இருநூறு பேருக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன்டா. ஒரு பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்ததில்லை. உன் பொண்டாட்டி வயித்துக்கு மட்டும் என் கை ஆகாமப் போச்சா?"

"நான் சொல்லலைக்கா. நடக்கிறது சொல்லுது. வாரத்துல ஆறு நாள் நீ சமைக்கிறே, ஆறு நாளும் போகுது. லீவு நாள்ல நான் சமைக்கிறேன், மதியத்தோட நின்னுடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு வாரம் விட்டவர்கள் என்னைத் திட்டக் கூடாது.

நம் கிரேன்காரி, கட்டடம் எழும்புகிற இடத்தில், ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டுகிறவள். ஏணியில் ஏறக் கால் மணி, இறங்கக் கால் மணி. மேலே கூண்டில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு ரேடியோ. அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. அந்த நாற்காலிக்காகக் கீழே கொக்கி மாட்டுகிறவளாக ஐந்து வருஷம் காத்திருந்தாள். உட்கார்ந்து ஏழு வருஷம் ஆகிறது. வயிறு கெட்டதிலிருந்து வேலைக்கு நடுவில் இரண்டு முறை இறங்கி ஓடியிருக்கிறாள். மூன்றாவது முறை இறங்கினால் கிரேனை விட்டு எடுத்து ஸ்டோரில் போட்டுவிடுவேன், போல்ட்டும் நட்டும் பிரித்துக்கொண்டிரு என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு மூன்று மணிக்குத் தெருவை ஒரு மணி நேரம் மூடப்போகிறார்கள். மொட்டைமாடிக்குப் போகவேண்டிய பெரிய குளிர்சாதன யந்திரத்தை அவள்தான் தூக்க வேண்டும். நாற்காலி அவளுக்கு உண்டா இல்லையா என்பது இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

வைத்தியத்துக்கா பஞ்சம்? பாலை நிறுத்து என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நிறுத்தினாள். காபியை நிறுத்து, பொரித்ததை நிறுத்து, காரத்தை நிறுத்து என்றார்கள். எல்லாம் நிறுத்தியாயிற்று. வெந்த உருளைக்கிழங்கும் குழைந்த சாதமும் வாழைப்பழமுமாக உயிர் வாழ்ந்தாள். ஆளாளுக்கு ஒன்றைப் பிடுங்கினார்களே தவிர, வயிறு நின்றபாடில்லை.

கடைசியில் கிளினிக்குக்குப் போனார்கள். பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. "மூணு நாளைக்கு வாயில போறதை ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. எழுதும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் டெய்லர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். அளவு நோட்டில் இடது பக்கம் வாடிக்கையாளர்களின் மார்பும் இடுப்பும், வலது பக்கம் மனைவியின் காலைச் சாப்பாடு. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "வேற ஒண்ணும் தெரியலையே. எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்றார். டெய்லருக்கு அது போதும். அன்றிலிருந்து அக்காவின் எண்ணெய்க் கரண்டி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

கதவு திறந்தது. கிரேன்காரி வெளியே வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என் வயித்தை வச்சு நீங்க ரெண்டு பேரும் பட்டிமன்றம் நடத்தாதீங்க. எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு."

"பேசலைம்மா. நான் கிளம்பறேன்" என்றார் நாத்தனார். அப்போதுதான் அவர் காலடியில் இருந்த பை கண்ணில் பட்டது. "நான் இல்லாத வீட்டுலயாவது உன் வயிறு நல்லா இருக்கட்டும்."

"அண்ணி, என்ன இது? நான் ஒரு வார்த்தை உங்களைச் சொன்னேனா?"

"சொல்லலை. சொல்ல வேண்டாம்னும் நீ சொல்லலையே."

கிரேன்காரியும் உள்ளுக்குள் கணவர் சொன்னதை நம்பத் தொடங்கியிருந்தாள். லீவு நாளில் நிற்பது உண்மைதானே? அந்த நினைப்பு முகத்தில் தெரிந்துவிடுமோ என்று குனிந்து காலணியை மாட்டினாள்.

"இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடாதே" என்றார் டெய்லர். "தண்ணிகூட வேண்டாம். வயித்தைக் காயப் போடு. உள்ளே ஒண்ணும் போகலைன்னா வெளியே என்ன வரும்?"

"டேய், போற வயித்தைக் காயப் போடக் கூடாதுடா" என்று நாத்தனார் திரும்பினார். "விடுதியில பிள்ளைங்களுக்கு வயித்தால போனா, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி குடுப்போம். தெளிவா கஞ்சி குடுப்போம். போறதுக்கு ஈடா உள்ளே போகணும். காயப் போட்டா ஆள்தான் காய்ஞ்சு போவா."

"அக்கா, நீ விடு."

விட்டுவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்த வீட்டில் அன்று காலை உருப்படியான வார்த்தை பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் போகவிட்டார்கள். எனக்கே இதை எழுதும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கிரேன்காரி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனாள்.

*

மதியம் ஒன்றரை மணி. டெய்லர் மனைவியின் நேற்றைய சீருடை பேண்ட்டை எடுத்தார். முழங்காலில் கிழிந்திருந்தது. எந்தத் துணியானாலும் மெஷினில் வைப்பதற்கு முன் பையை வெளியே இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். சாவியோ சில்லறையோ இருந்தால் ஊசி உடையும்.

வலது பையை இழுத்தார். பளபளவென்று மிட்டாய்த் தாள்கள் கொட்டின. பதினொன்று. இடது பையில் பன்னிரண்டு.

நேற்று ஒரே நாளில் இருபத்திமூன்றா?

மிட்டாய் புதிது அல்ல. கிரேன்காரி மேலே தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் இறங்க வேண்டிவருமே. வாய் காய்ந்துபோகாமல் இருக்க நாளெல்லாம் மிட்டாயை அடக்கிக்கொள்வாள். சர்க்கரை மிட்டாய் தின்று தின்று கடைவாய்ப் பல் சொத்தையாகி, போன மாதம்தான் பிடுங்கினார்கள். உடனே பாசமுள்ள கணவர் என்ன செய்தார்? சர்க்கரையே இல்லாத மிட்டாய், பெரிய டப்பாவாக, மொத்தக் கடையில் வாங்கிவந்து, "இனிமே இதைத் தின்னு, பல்லுக்கு நல்லது" என்று கையில் கொடுத்தார். நாளைக்கு ஒன்றிரண்டு வாயில் போடுவாள் என்று நினைத்தார். ஒரு நாளும் கேட்டதில்லை.

டப்பா அலமாரியில்தான் இருந்தது. முக்கால்வாசி காலி. பின்பக்கம் எறும்பு எறும்பாக எழுத்து. நூல் கோர்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் படித்தார்.

'அதிக அளவில் உட்கொண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்.'

டெய்லர் இன்னொரு தடவை படித்தார். டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது எந்தத் தேதி? செலவுக் கணக்கும் எழுதிவைக்கிற அளவு நோட்டைப் புரட்டினார். அதற்கு மூன்றாம் நாள்தான் வயிற்றில் கலகம் தொடங்கியிருக்கிறது. லீவு நாளில் ஏன் நிற்கிறது? லீவு நாளில் அவள் கிரேன் ஏறுவதில்லை. ஏறாவிட்டால் மிட்டாய் இல்லை. அவருடைய கைப்பக்குவத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேலாகத் தன் குழைந்த சாதத்தை மருந்து என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"மிட்டாயா? நோட்டுல எழுதவே இல்லையே?"

"மிட்டாயெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா டாக்டர்? நான் சாப்பாட்டைத்தான் எழுதினேன்."

"வாயில போறது ஒண்ணு விடாமன்னு நான் தமிழ்லதானே சொன்னேன்?" டாக்டரம்மா பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "சர்க்கரைக்குப் பதிலா அதுல போடுறது குடல்ல முழுசா சேராது. நிறையப் போனா தண்ணியை இழுத்துக்கிட்டு அப்படியே வெளியே தள்ளும். இன்னையோட நிறுத்துங்க, வயிறு தானா அடங்கும். காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணுமில்லை. காயப் போட்டிருக்கு."

"தண்ணி?"

"அதுவும்..."

"இருபத்தஞ்சு நாளா போயிட்டிருக்கிற உடம்பு, சாப்பாடு இல்லை, தண்ணி இல்லை. இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"கிரேன்ல. ஐம்பது மீட்டர் மேலே."

டாக்டரம்மாவின் குரல் எகிறியது.

"ஐயா, போனை வச்சுட்டு ஓடுங்க. தலை சுத்தி விழறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்க வைங்க. அப்புறம் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட், சரியா ஒரு லிட்டர் தண்ணியில, கொஞ்சம் கொஞ்சமா. சாயங்காலமே சாப்பாடு குடுங்க. இனி காயப் போடுறதுன்னு யாராவது பேசினா என்கிட்ட அனுப்புங்க."

கிரேன்காரியின் போன் வேலையிடத்து லாக்கரில் இருக்கும். மேலே கொண்டுபோகக் கூடாது. டெய்லர் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அடுக்களையில் அடித்தது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அக்காவின் போன் கிடந்தது. எங்கே போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

*

மேலே கூண்டுக்குள் வெயில் கண்ணாடி வழியாகப் பொழிந்துகொண்டிருந்தது. கிரேன்காரி பதினேழாவது மிட்டாயை நாக்கில் புரட்டினாள். வயிறு கடமுடவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்று ஒரு நாள், இந்த ஒரு தூக்கு, அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

"என்ன முதல் நம்பர், இன்னைக்கு இன்னும் இறங்கலையா? உடம்பு சரியில்லையா?" ரேடியோவில் சிரித்தது ரெண்டாம் நம்பர். பக்கத்து கிரேனை ஓட்டுகிற பெரிய மீசைக்காரர். இருபத்தைந்து நாளாக அவருக்கு இதே வேடிக்கைதான்.

"உங்க வேலையைப் பாருங்கண்ணே" என்றாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வார்த்தை சரியாக வரவில்லை.

கீழே லாரியில் யந்திரம் வந்து நின்றிருந்தது. சுற்றிலும் மஞ்சள் தொப்பிகள். கொக்கியைப் பார்த்தாள். அது இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் இரண்டுதான்.

ரேடியோ கரகரத்தது. இன்ஜினீயர். "முதல் நம்பர், உங்க வீட்டுக்காரர் கேட்டுல நின்னு ரகளை பண்றார். என்னமோ மிட்டாய்ங்கிறார். நீங்களே பேசி அனுப்புங்க."

அடுத்து டெய்லரின் குரல். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "வாயில என்ன வச்சிருக்கே?"

"என்னங்க, இது ரேடியோ. எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டும். வாயில என்ன?"

"மிட்டாய்."

"துப்பு."

"என்னது?"

"துப்புங்கிறேன்! அதனாலதான் உனக்கு வயித்தால போகுது. டப்பாவுக்குப் பின்னாடியே எழுதியிருக்கு, நான்தான் படிக்கலை. டாக்டரும் சொல்லிட்டாங்க. அக்கா எண்ணெயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான்தான் உனக்கு வாங்கிக் குடுத்தேன். போதுமா? துப்பு!"

கீழே யாரோ சிரித்தார்கள். கிரேன்காரி துப்பினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாலை விட்டாள், காபியை விட்டாள், நாக்குக்கு ருசியாக இருந்த அத்தனையையும் விட்டாள். விடவேண்டிய ஒன்றை மட்டும் நாளுக்கு இருபது தடவைக்கு மேல் வாயில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்காகவா அண்ணியைத் தலைகுனிய வைத்து அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"மருத்துவ மாநாடு முடிஞ்சுதா?" இன்ஜினீயர் ரேடியோவை வாங்கியிருந்தார். "மூணு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம். கொக்கியை இறக்குங்க."

கைப்பிடியில் கையை வைத்தாள். யாருடைய கையோ போல இருந்தது. தூக்கிவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. பத்தே நிமிஷ வேலை. ஏழு வருஷத்தில் இதைவிடக் கனமானதைத் தூக்கியிருக்கிறாள்.

"சார், எனக்குக் கொக்கி ரெண்டாத் தெரியுது. தூக்கமாட்டேன்."

"என்னம்மா விளையாடுறீங்களா? தெருவை மூட ஆளுங்க வந்தாச்சு. இதுக்கு அனுமதி வாங்க நான் நாயா அலைஞ்சிருக்கேன். இறங்கினா என்னன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார். கீழே பதினோரு பேர் நிக்கிறாங்க. அவங்களை முதல்ல நகரச் சொல்லுங்க. நான் இறங்கறேன்."

நாற்காலிக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. தினமும் காலையில் கொடுப்பார்கள். தினமும் மூடி திறக்காமல் கீழே கொண்டுபோவாள். இன்று திறந்தாள். மடக்கு மடக்காகப் பாதி குடித்துவிட்டு, கண் நேரானதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஏணிக்கு நடுவே இருந்த ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். கால் மணி நேர ஏணிக்கு அன்று நாற்பது நிமிஷம் ஆயிற்று.

*

கீழே மண்மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். டெய்லர் மருந்துக்கடையிலிருந்து வாங்கிவந்த பாக்கெட்டை ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டி, கண்ணுக்கு நேரே பிடித்து அளவு பார்த்து, குலுக்கிக் கொடுத்தார். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினீயர் தன் ரேடியோவை வாங்கிக்கொண்டதும், அவளை இறங்கச் சொல்லிக் கெஞ்சுவதற்காக, கிரேனுக்குக் கைகாட்டுகிற சிக்னல்காரரிடம் பிடுங்கிய ரேடியோவையும் மறந்துபோய் இன்னொரு கையில் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரே மூச்சுல குடிக்காதே. கொஞ்சம் கொஞ்சமா."

"அண்ணி எங்கே?"

"தெரியலை. போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டா."

"தேடிப் பிடிக்கணும். மன்னிப்பு நீங்கதான் கேக்கணும். சேர்ந்து கேக்கிறேன்னு நான் வரமாட்டேன், நான் தனியா கேட்டுக்கிறேன்."

டெய்லர் தலையாட்டினார். அன்று முதல் தடவையாக அவரிடம் சொந்தக் கருத்து எதுவும் இல்லை.

இன்ஜினீயர் அட்டையில் செருகிய அறிக்கைத் தாளோடு வந்தார். தெருவைத் திறந்துவிட்டார்கள், யந்திரம் லாரியிலேயே இருந்தது. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தாளில் இறங்கிய நேரம் எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"வயித்துக் கோளாறு. மூணாவது தடவை."

"அது காரணம் இல்லை சார்."

"பின்ன? மிட்டாய்னு எழுதட்டுமா? தலைமை அலுவலகத்துல வாயால சிரிக்கமாட்டாங்க."

"மிட்டாய் எதுக்குத் தின்னேன்னு கேளுங்க." அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "மேலே ஒதுங்க இடமில்லை. தண்ணி குடிச்சா இறங்கணும். இறங்கினா நீங்க தாளை எடுத்துக்கிட்டு வருவீங்க. அதனால ஏழு வருஷமா மேலே ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை. வாயை ஏமாத்தத்தான் மிட்டாய். மிட்டாயை இன்னைக்கு விட்டுட்டேன், நாளைக்கு வயிறு சரியாயிடும். தண்ணி? அதை எழுதுங்க."

இன்ஜினீயர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படி எழுதினா இந்தத் தாள் என் மேஜையோட நிக்காது. பாதுகாப்பு அதிகாரிக்குப் போகும். அவர் வந்தா வேலை நிக்கும். யாரால நின்னதுன்னு உங்க ஒருத்தர் பேர்தான் இருக்கும். அப்புறம் ஸ்டோர்கூடக் கிடைக்காதும்மா. வயித்துக் கோளாறுன்னு போட்டா ஸ்டோராவது நிச்சயம். யோசிச்சுக்கோங்க."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். இல்லாவிட்டால் வேலையாவது வேண்டும். டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். 'மேலே கழிப்பறை வசதி இல்லாததால் ஓட்டுநர் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் மயக்கம்.' எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"சார்" என்றார் சிக்னல்காரர். "ரெண்டாம் நம்பர் நின்னுடுச்சு."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்து கிரேனின் கை அசையவில்லை. கூண்டின் கதவு திறந்திருந்தது. ஏணியில் ஒரு மஞ்சள் தொப்பி இறங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினீயர் டெய்லரின் கையிலிருந்த ரேடியோவைப் பிடுங்கினார். அப்போதுதான் டெய்லரின் கட்டைவிரல் பேசுகிற பொத்தானிலிருந்து விலகியது. இத்தனை நேரம் இவர்கள் பேசிய அத்தனையும் மேலே போயிருக்கிறது.

"யோவ், நீ எங்கய்யா இறங்குறே? உனக்கு என்ன கேடு?"

மீசைக்காரரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "பத்து வருஷமா நானும் குடிக்கிறதில்லை சார். அந்தத் தாள்ல கீழே எனக்கும் கையெழுத்துப் போட இடம் இருந்தா வச்சிருங்க. கால் மணியில வந்துடறேன்."

இன்ஜினீயர் பேனாவுக்காகக் கை நீட்டினார். கிரேன்காரி கொடுக்கவில்லை.